அனுமதி இல்லாத டிஎச்சிபி சர்வரும் பூட்டாத ஸ்விட்சும்: ஒரு பீன்யா தொழிற்சாலையின் நிகழ்வு ஆய்வு

பெங்களூரு பீன்யா இரண்டாம் ஸ்டேஜில், கணினி நிரலில் ஓடும் சிஎன்சி இயந்திரங்களில் உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலைக்கு நெட்வொர்க் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். முதலாளி கோயம்புத்தூர்க்காரர். ஆட்களில் பாதிப் பேர் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம். கீழ்த்தளத்தில் இயந்திரக் கூடமும் சர்வர் அறையும், மாடியில் கணக்குப் பிரிவு, கொள்முதல், டிசைன் அறை, பின்கட்டில் தகரக் கூரை போட்ட ஸ்டோர். சர்வர் அறையில் இருக்கும் மைய ஸ்விட்சான கோர் ஸ்விட்சே, கணினிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வர் வேலையையும் பார்க்கிறது. மற்ற இடங்களில் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 ஸ்விட்சுகள். அலுவலகத்துக்கு ஒரு விலான் (அதே ஸ்விட்சுகளுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்), இயந்திரங்களுக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று, ஆட்களின் கைபேசி வைஃபைக்கு ஒன்று. ஸ்டோரில் இருக்கும் கணினியும் அலுவலக விலானில்தான் இருக்கிறது, இது முக்கியம்.

தீபாவளி முடிந்த வாரத்தில் இருந்தே கணக்குப் பிரிவில் முணுமுணுப்பு. காலையில் வந்து கணினியைப் போட்டால் ஈஆர்பி (கணக்கும் சரக்கும் பார்க்கும் மென்பொருள்) திறக்காது, பிரிண்டர் தெரியாது, இணையமும் வராது. ரெண்டு மூன்று தடவை ரீஸ்டார்ட் செய்தால் சிலருக்கு வந்துவிடும், சிலருக்கு வராது. அங்கே இருக்கிற அக்கா ஒருவர் போனில் சொன்னதை அப்படியே தருகிறேன்: "தம்பி, நேத்து வந்துச்சு, இன்னைக்கு வரல. பக்கத்து சீட்டுக்கு வருது, எனக்கு வரல. டிசைன்காரங்களுக்கு ஒரு நாளும் போகவே இல்ல. இது என்ன கணக்கு?" அவர் கோபத்தில் சொன்னாலும் நோய்க்குறி முழுவதும் அந்த நாலு வரியில் இருந்தது. அப்புறம் 20ஆம் தேதி வந்தது, திங்கட்கிழமை. ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். அன்றைக்குக் காலையில் கணக்குப் பிரிவில் கிட்டத்தட்ட எல்லாக் கணினியும் வெளியே போக வழியில்லாமல் நின்றது, முதலாளி நேரடியாக என்னைக் கூப்பிட்டார்.

போனதும் முதல் வேலை, பாதிக்கப்பட்ட ஒரு கணினியில் ஐபிகான்ஃபிக் ஆல் என்று, முகவரி விவரங்களைக் காட்டும் கட்டளையை அடித்துப் பார்ப்பது. அலுவலக விலானில் 10இல் தொடங்கும் முகவரிதான் வர வேண்டும். வந்திருந்தது 192.168.0.104. கேட்வே (வெளியே போகும் வழி) 192.168.0.1, டிஎன்எஸ் (இணையப் பெயரை முகவரியாக மாற்றித் தருவது) 192.168.0.1, டிஎச்சிபி சர்வர் என்ற வரியிலும் அதே 192.168.0.1. இதைப் பார்த்ததுமே பாதி முடிந்தது: எங்கேயோ ஒரு வீட்டு ரவுட்டர் உட்கார்ந்து இந்த அலுவலகத்துக்கு முகவரி வழங்கிக்கொண்டிருக்கிறது. கணினி தானே போட்டுக்கொள்ளும் 169.254இல் தொடங்கும் முகவரி வந்திருந்தால் யாருமே பதில் சொல்லவில்லை என்று அர்த்தம், தேட வேண்டிய திசையே வேறு. ஆகவே "நெட் வரல" என்று யார் சொன்னாலும் முதலில் அந்த முகவரியைப் படிக்கச் சொல்லுங்கள், போனிலேயே பாதி தெரிந்துவிடும்.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். அதே கணினியில் ஏஆர்பி பட்டியலை, அதாவது எந்த ஐபி முகவரி எந்தக் கருவியுடையது என்ற பட்டியலைப் பார்த்தால் 192.168.0.1க்கு உரிய மேக் முகவரி (கருவியின் வன்பொருள் அடையாள எண்) இருக்கும். அதன் முதல் ஆறு எழுத்துகளை வைத்துத் தயாரிப்பாளர் யார் என்று தெரிந்துகொள்ளலாம், இங்கே வீட்டு ரவுட்டர் செய்யும் நிறுவனம் என்று வந்தது. கோர் ஸ்விட்சில் அந்த மேக் முகவரி எந்தப் போர்ட்டில் (கேபிள் செருகும் துளை) கற்கப்பட்டிருக்கிறது என்று கேட்டேன், ஸ்டோருக்குப் போகும் இணைப்பைக் காட்டியது. ஸ்டோர் ஸ்விட்சில் கேட்டேன், 17ஆம் போர்ட். அந்த ஒரு போர்ட்டில் மட்டும் நாலைந்து மேக் முகவரிகள். அதற்குப் பின்னால் இன்னொரு குட்டி ஸ்விட்ச் இருக்கிறது என்று அங்கேயே புரிந்துவிட்டது. நேரம் இல்லாததால் அந்தப் போர்ட்டை உடனே மூடினேன்.

இந்த இடத்தில் பலரும் "முடிந்தது" என்று எழுந்துவிடுவார்கள். முடியாது. தப்பான முகவரி வாங்கிய கணினிகள் அதைக் குத்தகைக் காலம் (முகவரியை வைத்திருக்க சர்வர் தரும் காலம்) தீரும்வரை விடாது, வீட்டு ரவுட்டர்களில் அது ரெண்டு மணி நேரமாகவும் இருக்கலாம், ஒரு நாளாகவும் இருக்கலாம். ஒவ்வொரு மேஜையாகப் போய் முகவரியை விட்டுப் புதிதாகக் கேட்கும் ரிலீஸ், ரெனியூ கட்டளைகளை அடிப்பதைவிட, மாடி ஸ்விட்சில் பயனர் போர்ட்டுகளை ஒருமுறை மூடித் திறந்துவிட்டால் போதும். கேபிளைப் பிடுங்கிச் செருகியதுபோல் கணினி எடுத்துக்கொண்டு மறுபடி முகவரி கேட்கும். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாருக்கும் ஈஆர்பி வந்துவிட்டது, தாக்கலும் அன்றே நடந்தது.

ஸ்டோருக்குப் போனேன். மேஜைக்கடியில் எட்டுப் போர்ட் சாதா ஸ்விட்ச், அதிலிருந்து ஸ்டோர் கணினிக்கு ஒரு கேபிள், லேபிள் பிரிண்டருக்கு ஒன்று, மூன்றாவது கேபிள் இரும்பு ரேக்கின் பின்பக்கம் ஏறி ஒரு வெள்ளை ரவுட்டருக்குப் போனது. ரவுட்டரின் நெற்றியில் காய்ந்துபோன சந்தனமும் குங்குமமும். அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஏனென்றால் ஆயுத பூஜை முடிந்து மாதம் ஆகப்போகிறது. பூஜை அன்றைக்கே இது இங்கே இருந்திருக்கிறது என்றால் தொல்லை மட்டும் ஏன் தீபாவளிக்குப் பிறகு தொடங்கியது?

பதில் கேபிள் செருகியிருந்த துளையில் இருந்தது. இந்த மாதிரி ரவுட்டர்களில் நீல நிறத்தில் ஒரு துளை, மஞ்சள் நிறத்தில் நாலு துளை. நீலம் வெளியுலகத்துக்கு, மஞ்சள் வீட்டுக்குள்ளே இருக்கும் கணினிகளுக்கு. நீலத்தில் செருகினால் ரவுட்டர் நம் நெட்வொர்க்கில் ஒரு சாதாரண கணினிபோல் ஒரு முகவரி வாங்கிக்கொண்டு, தன் வைஃபையில் வருபவர்களுக்கு மட்டும் தனியாக முகவரி கொடுக்கும். அந்த முகவரி வழங்கல் நம் பக்கம் கசியாது. மஞ்சளில் செருகினால் அதே டிஎச்சிபி சர்வர் நம் விலான் முழுவதற்கும் பதில் சொல்ல ஆரம்பித்துவிடும். தீபாவளிக்கு ஸ்டோரில் வெள்ளையடித்தபோது ரேக்கை நகர்த்தியிருக்கிறார்கள், கேபிளைக் கழற்றியிருக்கிறார்கள், திரும்பச் செருகியவர் கைக்கு எட்டிய துளையில் செருகிவிட்டார். மூன்று வாரம் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் இருந்த ரவுட்டர் ஒரு துளை மாறியதில் அலுவலகத்தையே நிறுத்திவிட்டது.

அந்த அக்காவின் கணக்கு

சரி, ஏன் சிலருக்கு மட்டும்? ஏன் டிசைன் அறை தப்பித்தது? டிஎச்சிபி எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் இது பிடிபடும்.

முகவரி இல்லாத கணினி செய்வது தெருவில் நின்று "யாராவது முகவரி கொடுங்கள்" என்று கூவுவதுதான். அதற்கு டிஸ்கவர் என்று பெயர். அந்தக் கூவலைக் காதில் வாங்கிய சர்வர்கள் ஆஃபர் அனுப்பும். கணினி ஒன்றைத் தேர்ந்து ரெக்வெஸ்ட் அனுப்பும், சர்வர் ஆக் (ஒப்புதல்) கொடுக்கும். பெரும்பாலும் முதலில் வந்த ஆஃபர்தான் எடுத்துக்கொள்ளப்படும். கொடுப்பவர் உண்மையான சர்வர்தானா என்று கேட்க இதில் இடமே இல்லை. டிஎச்சிபிக்கு இன்றைக்கும் நடப்பில் இருக்கும் விதி ஆவணமான ஆர்எஃப்சி 2131 வந்தது 1997 மார்ச்சில், ஒரே கம்பியில் இருப்பவர்கள் எல்லாம் நம்மவர்கள் என்று நம்பிய காலம். 2001இல் ஆர்எஃப்சி 3118 என்று சரிபார்ப்பு முறை ஒன்றையும் வகுத்தார்கள், அது நடைமுறையில் பரவவே இல்லை.

இங்கே பந்தயத்தில் வீட்டு ரவுட்டர் ஜெயிக்க ஒரு காரணம் உண்டு. கோரில் ஓடும் சிஸ்கோ ஐஓஎஸ் (சிஸ்கோ ஸ்விட்சுகளின் இயக்க மென்பொருள்) டிஎச்சிபி சர்வர் ஒரு முகவரியைக் கொடுப்பதற்கு முன்னால் அதை வேறு யாராவது வைத்திருக்கிறார்களா என்று பிங் அனுப்பிப் பார்க்கும். இயல்பாக ரெண்டு பிங், ஒவ்வொன்றுக்கும் 500 மில்லிசெகண்ட் காத்திருப்பு. கூட்டினால் ஒரு செகண்ட். ஸ்டோரில் இருக்கும் ரவுட்டருக்கு அந்தக் கவலை இல்லை, கேட்ட மாத்திரத்தில் தூக்கிக் கொடுத்துவிடும். ஒழுங்காக வேலை செய்கிற சர்வர் அந்த ஒழுங்கினாலேயே தோற்கிறது.

அடுத்து குத்தகைக் காலம். ஐஓஎஸ்ஸில் இயல்பான குத்தகை ஒரு நாள், இங்கேயும் அதுதான். பாதிக் காலம், அதாவது 12 மணி நேரம் கழிந்ததும் கணினி தனக்குக் கொடுத்த சர்வரிடமே நேராகப் போய் நீட்டிப்புக் கேட்கும், ஊருக்குக் கூவாது. டிசைன் அறைக் கணினிகள் ராத்திரி பகல் ஓடுபவை. அவை தங்கள் சர்வரிடமே நீட்டித்துக்கொண்டே போனதால் ஸ்டோர் ரவுட்டரின் காதில் அவர்கள் குரல் விழவே இல்லை. கணக்குப் பிரிவில் மாலை ஆறரைக்கு அணைத்துவிட்டுப் போவார்கள், நீட்டிக்க வேண்டிய நேரம் வருவதற்குள் கணினி தூங்கிவிடும். மறுநாள் காலை, நேற்று வாங்கிய நேரத்துக்கு முன்பே வந்து போட்டவருக்குக் குத்தகை இன்னும் உயிரோடு இருக்கும். பழைய முகவரியையே கேட்பார், பிங் பரிசோதனை இல்லாமல் நம் சர்வர் உடனே சரி என்றுவிடும். பத்து நிமிடம் தாமதமாக வந்தவருக்குக் குத்தகை தீர்ந்திருக்கும், புதிதாகக் கூவ வேண்டும், பந்தயம், தோல்வி. ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வந்தால் எல்லாருடைய குத்தகையும் தீர்ந்துபோய், எல்லாருமே புதிதாகக் கூவுவார்கள். 20ஆம் தேதி திங்கட்கிழமையாக அமைந்தது அவர்கள் துரதிர்ஷ்டம்.

ஸ்விட்சில் செய்தது

ரவுட்டரைப் பிடுங்கிவிட்டால் இன்றைய பிரச்சினை தீரும். நாளைக்கு இன்னொருவர் எஸ்பி ரோடு எலக்ட்ரானிக்ஸ் சந்தையில் இருந்து இன்னொரு ரவுட்டர் வாங்கி வருவார். இதைத் தடுக்க வேண்டிய வசதி அந்த 2960 ஸ்விட்சுகளில் வாங்கிய நாளில் இருந்தே இருந்தது, யாரும் போடவில்லை. டிஎச்சிபி ஸ்னூப்பிங் என்று பெயர். அதற்காகப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், நாலைந்து வரிக் கட்டளைதான். பெங்களூரில் நான் பார்க்கிற சிறு, நடு அலுவலகங்களில் பெரும்பாலானவற்றில் இதே நிலைதான், வருத்தமாகவே இருக்கிறது.

தத்துவம் எளிது. ஸ்விட்சின் போர்ட்டுகளை நம்பகமானவை, நம்பகமற்றவை என்று பிரிக்கிறோம். ஆஃபர், ஆக், நாக் (மறுப்பு) போல ஒரு சர்வர் மட்டுமே சொல்லக்கூடிய செய்தி நம்பகமற்ற போர்ட்டில் இருந்து வந்தால் ஸ்விட்ச் அங்கேயே கீழே போட்டுவிடும். கணினிகள் கேட்கிற டிஸ்கவரும் ரெக்வெஸ்டும் நம்பகமான போர்ட்டுகள் வழியாக மட்டுமே வெளியே போகும். கூடவே எந்த மேக் முகவரிக்கு, எந்தப் போர்ட்டில், எந்த ஐபி, எத்தனை நேரத்துக்கு என்று ஒரு பட்டியலும் எழுதி வைத்துக்கொள்ளும்.

வரிசை முக்கியம். ஸ்னூப்பிங்கை ஒரு விலானுக்குப் போட்ட கணத்தில் எல்லாப் போர்ட்டும் நம்பகமற்றதாகிவிடும், சர்வர் இருக்கும் திசையும் சேர்த்து. ஆகவே முதலில் ஒவ்வொரு ஸ்விட்சிலும் கோரை நோக்கிப் போகும் இணைப்பில் ஐபி டிஎச்சிபி ஸ்னூப்பிங் டிரஸ்ட் போட வேண்டும், அப்புறம்தான் பொதுவாக இயக்குவது, அதற்குப் பிறகு விலான் விலானாகச் சேர்ப்பது. முதலில் கோரிலேயே போட்டுவிட்டோம். கீழே போகும் இணைப்புகள் அங்கே நம்பகமற்றவையாக இருப்பதால், ஒரு ஸ்விட்சில் புகுந்த தொல்லை அடுத்த ஸ்விட்சுக்குத் தாண்டாது. அன்றைக்கே இது கிடைத்துவிடும், மீதியை நிதானமாகச் செய்யலாம்.

அடுத்து எல்லாரும் வழுக்கி விழுகிற இடம், ஆப்ஷன் 82. ஸ்னூப்பிங் போட்ட சிஸ்கோ ஸ்விட்ச், கணினியின் கேள்வியோடு "இது இந்த ஸ்விட்சின் இந்தப் போர்ட்டில் இருந்து வந்தது" என்று ஒரு குறிப்பைத் தானாகவே ஒட்டி அனுப்பும். பெரிய நிறுவனங்களுக்கு அது பயன்படும். இங்கே என்ன ஆகும் என்றால், மேலே இருக்கும் கோர் அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டு, ரிலே முகவரி (கேள்வியை இடையில் கடத்திவிட்டவரின் முகவரி) காலியாக இருக்கிறதே என்று சந்தேகப்பட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் கேள்வியையே தள்ளிவிடும். கணினிக்கு 169.254 வரும். "ஸ்னூப்பிங் போட்டேன், நெட்டே போயிடுச்சு" என்று சொல்லி அதை எடுத்துவிடுபவர்களில் பலர் இங்கேதான் மாட்டியிருப்பார்கள். ரெண்டு வழி: கோரில் அந்தக் குறிப்பை ஏற்றுக்கொள்ளச் சொல்வது, இல்லை என்றால் கீழே இருக்கும் ஸ்விட்சுகளில் குறிப்பு ஒட்டுவதையே நிறுத்துவது. இவ்வளவு சின்ன இடத்துக்கு இரண்டாவதே போதும். யாரும் இல்லாத ஒரு சோதனை விலானில் ஒரு மடிக்கணினியை வைத்து இதைப் பார்த்துவிட்டு, பிறகே அலுவலக விலானுக்குப் போனோம்.

வேகக் கட்டுப்பாடும் உண்டு. ஒரு போர்ட்டில் இருந்து செகண்டுக்கு இத்தனை டிஎச்சிபி செய்திகள்தான் வரலாம் என்று வரம்பு வைக்கலாம். போலி மேக் முகவரிகளை வாரி இறைத்து சர்வரில் இருக்கும் முகவரிகளையெல்லாம் காலி செய்யும் தாக்குதலை இது தடுக்கும். மேஜைப் போர்ட்டுகளுக்கு 15 வைத்தோம். வைஃபை தரும் ஆக்சஸ் பாயின்ட் கருவிகளின் போர்ட்டுகளுக்கும் அதையே வைத்தால் மதியம் 2 மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது சிக்கல்: உள்ளே வருகிற ஆட்களின் கைபேசிகள் ஒரே நேரத்தில் வைஃபைக்குத் தாவும், வரம்பு தாண்டும், ஸ்விட்ச் அந்தப் போர்ட்டையே அணைத்துவிடும். அங்கெல்லாம் 100. அணைந்த போர்ட் தானாக எழுந்திருக்கவும் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும், இயல்பில் அது எழாது. சொல்லிவிட்டால் 300 செகண்டில் எழும்.

ஸ்விட்ச் எழுதும் பட்டியல் நினைவகத்தில்தான் இருக்கும், ரீபூட் ஆனால் போய்விடும். யூபிஎஸ் பேட்டரி செத்துக் கிடக்கும் மாதங்களில் பீன்யாவில் ஸ்விட்ச் ரீபூட் ஆவது சாதாரணம். வெறும் ஸ்னூப்பிங் மட்டும் என்றால் பரவாயில்லை, ஆனால் அந்தப் பட்டியலை நம்பி நடக்கும், போலி ஏஆர்பி செய்திகளைத் தடுக்கும் டைனமிக் ஏஆர்பி இன்ஸ்பெக்ஷனும் போட்டிருந்தால் கரண்ட் வந்த பிறகும் பட்டியலில் இல்லாதவர்களின் ஏஆர்பியை ஸ்விட்ச் தள்ளிவிடும். ஆகவே பட்டியலை ஃபிளாஷில் சேமிக்கச் சொல்லி, ஸ்விட்சின் கடிகாரம் சரியாக ஓட என்டிபியும் கொடுத்தோம், நேரம் தப்பினால் குத்தகைக் கணக்கும் தப்பும். ஏஆர்பி பரிசோதனையை அலுவலக விலானுக்கு மட்டும்தான் போட்டேன். சிஎன்சி இயந்திரங்கள் எல்லாம் கையால் கொடுத்த நிலையான முகவரியில் ஓடுகின்றன, அவை அந்தப் பட்டியலுக்குள் வராது. ஒவ்வொன்றையும் கையால் எழுதாமல் அங்கே போட்டால் இயந்திரத்துக்கு நிரல் போகாது, உற்பத்தியே நிற்கும்.

வேறு நிறுவன ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கும் இதே வேலைதான், பெயரும் இயல்பும் கொஞ்சம் மாறும். மைக்ரோடிக்கில் போர்ட்டுகளைச் சேர்த்துக் கட்டும் பிரிட்ஜில் போட வேண்டும். ஜூனிப்பரில், பல விலான்களைச் சுமக்கும் டிரங்க் போர்ட்டுகள் இயல்பாகவே நம்பகமானவை, அதைத் தெரிந்துகொண்டு தொடுங்கள்.

ஸ்டோர் அண்ணன்

முதலாளி கேட்ட முதல் கேள்வி, "யாரு தம்பி இதை வச்சது?" வைத்தவர் ஸ்டோர் பொறுப்பாளர், தருமபுரிக்காரர், அந்தத் தொழிற்சாலையில் தலை நரைத்தவர். மறைக்கவில்லை, நேராகச் சொன்னார்: "கட்டிங் டூல் வரவு வைக்கக் கைபேசியில ஸ்கேன் பண்ணச் சொன்னீங்க. இங்க தகரமும் இரும்பு ரேக்கும், வைஃபை எட்ட மாட்டேங்குது. லாரிக்காரன் வாசல்ல நிக்கிறான், இது சுத்திக்கிட்டே இருக்கு. நான் என்ன பண்ண? எஸ்பி ரோட்டுல என் காசுல வாங்கி வச்சேன்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. சிக்னல் இல்லை என்று அவர் முன்பே சொல்லியிருக்கிறார், யாரும் கேட்கவில்லை. அனுமதி இல்லாத டிஎச்சிபி சர்வர் என்றால் உடனே ஹேக்கர் என்று நினைக்கிறோம். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் வேலை நடக்க வேண்டுமே என்று துடித்த ஒருவர் வைத்ததுதான். முதலாளியிடம் அவருக்கு மெமோ கொடுக்க வேண்டாம், ஸ்டோருக்கு ஒரு ஆக்சஸ் பாயின்ட் கொடுங்கள் என்றேன். ரேக்குகளுக்கு நடுவே கூரையில் இருந்து தொங்கவிட்டு ஒன்றைப் போட்டோம். ரவுட்டருக்கான காசும் அண்ணன் கைக்கு வந்துவிட்டது.

நல்லவர்தான் வைப்பார் என்று பூட்டாமல் விடவும் முடியாது. கெட்ட எண்ணத்தோடு வைப்பவர் கேட்வேயும் டிஎன்எஸ்ஸும் தானே ஆகிவிட்டால் போக்குவரத்து அவர் வழியாகத்தான் போகும், இணையமும் வேலை செய்துகொண்டே இருக்கும், ஒருவருக்கும் சந்தேகம் வராது. 2024 மே மாதம் வெளியான டனல்விஷன் என்ற குறைபாடு இதே கதவு வழியாக வருவதுதான். டிஎச்சிபியின் ஆப்ஷன் 121இல் வழித்தடங்களை அனுப்பி, விபிஎன் (மறைகுறியாக்கிய தனிப் பாதை) போட்டிருப்பவரின் போக்குவரத்தையும் விபிஎன்னுக்கு வெளியே இழுத்துவிட முடியும். நம் ஸ்விட்சில் அந்தச் செய்தி கீழே விழுந்துவிட்டால் அந்தக் கதவு அங்கேயே மூடிவிடும்.

இதனால் மூடாதவற்றையும் சொல்லியாக வேண்டும். சாதா ஸ்விட்சுக்குப் பின்னால் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் தொற்றிக்கொள்வதை மேலே இருக்கும் ஸ்விட்ச் பார்க்கவே முடியாது. ஸ்டோர் மேஜைக்கடியில் இருந்ததை எடுத்துவிட்டுத் தனித்தனிக் கேபிள் இழுத்ததும் அதற்காகத்தான். நீலத் துளையில் சரியாகச் செருகிய ரவுட்டரையும் ஸ்னூப்பிங் பிடிக்காது, அது வெளியே ஒரே ஒரு கணினிபோல் தெரியும். அதன் பின்னால் இருந்து வரும் பாக்கெட்டுகளின் டிடிஎல் (ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும் எண்) ஒன்று குறைந்து 127 அல்லது 63 என்று வருவதை வைத்து ஊகிக்கலாம், அவ்வளவுதான். ஐபி முகவரியின் புதிய பதிப்பான ஐபிவி6 தனிப் பிரச்சினை. அங்கே டிஎச்சிபிகூட வேண்டாம், ஒரு ரவுட்டர் "நான் இருக்கிறேன்" என்று அறிவிப்பு விட்டாலே கணினிகள் நம்பும். அதற்கு ஆர்எஃப்சி 6105 சொல்லும், அந்த அறிவிப்புகளை வடிகட்டும் ஆர்ஏ கார்ட் வேண்டும், எல்லா ஸ்விட்சிலும் அது இருக்காது. ஐபிவி6 நாங்கள் பயன்படுத்தவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது, விண்டோஸ் அதைத் தானாகவே இயக்கி வைத்திருக்கிறது.

பொங்கலுக்கு முந்தைய வாரம் ஸ்விட்சின் லாக் (பதிவேடு) பார்த்தபோது இயந்திரக் கூடத்தின் ஒரு போர்ட்டில் நம்பகமற்ற ஆஃபர்கள் வரிசையாகத் தள்ளப்பட்டிருந்தன, அனுப்பியவர் 192.168.137.1. விண்டோஸில் இணையப் பகிர்வு போட்டால் வரும் முகவரி அது. இயந்திரம் பழுது பார்க்க வந்த சர்வீஸ் இன்ஜினியர் தன் மடிக்கணினியைச் செருகியிருக்கிறார், பகிர்வு இயங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மதியம் முழுவதும் செருகி வைத்து வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறார். கூடத்தில் ஒரு கணினிக்கும் முகவரி மாறவில்லை, எனக்கும் ஒரு போன் வரவில்லை.